பாரிமுனையில் ஒரு படகுச் சண்டை

கல்யாணப் பத்திரிகை அடிக்க, பட்டாசு வாங்க, ஹைகோர்ட்டில் வாய்தா வாங்க... ஏதோ ஒரு காரணத்துக்காகச் சென்னைவாசி ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது பாரிமுனைக்குப் போய் வியர்த்து விறுவிறுத்திருப்பார். ஆனால், அந்த முனையில் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பெரிய மனிதர்களை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

துறைமுகத்தை ஒட்டி வடக்கு தெற்காகப் போவது ராஜாஜி சாலை. ஹைகோர்ட்டை உரசிக்கொண்டு மேற்கே திரும்புவது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. நம்ம என்.எஸ்.சி. போஸ் ரோடு! இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம்தான் பாரிமுனை.

இதில் என்ன வேடிக்கை என்கிறீர்களா? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1939.

அந்த ஜனவரியில் காங்கிரஸ் தலைவர் பதவிக்குத் தேர்தல். காந்தி விரும்பிய வேட்பாளர் பட்டாபி சீதாராமய்யா. எதிரே சுபாஷ் போஸ். போஸுக்கு 1,580 ஓட்டு, பட்டாபிக்கு 1,377. காந்தி அதைத் தன் தோல்வி என்றே சொல்லிவிட்டார். மார்ச் மாதம் ஜபல்பூர் பக்கத்தில் திரிபுரியில் மாநாடு. கடுமையான காய்ச்சலில் இருந்த போஸை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருகிறார்கள். அங்கே பேச எழுந்த ராஜாஜி (அப்போது சென்னை மாகாணப் பிரதமர்) ஒரு குட்டிக் கதை சொன்னார். ஆற்றில் இரண்டு படகுகள். ஒன்று பழசு. ஆனால் பெரிசு, காந்தி ஓட்டுவது. மற்றொன்று புதுசு. பளபளவென்று பெயிண்ட், கொடி, தோரணம் எல்லாம் உண்டு. பார்க்க ஜோராக இருந்தாலும் அதில் ஓட்டை இருக்கிறது, நம்பி ஏறாதீர்கள் என்பது கதையின் சாரம்.

ஓட்டைப் படகு யாருடையது என்று கூட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதமே போஸ் ராஜினாமா.

அதற்குப் பிறகு இருவரும் ஆளுக்கொரு திசை. 1942ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வேண்டாம் என்று சொல்லி காங்கிரஸை விட்டே விலகி நின்றார் ராஜாஜி. போஸோ கடல் கடந்து போய்ப் படை திரட்டினார். அந்தப் படையில் சேர மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரண்டு போனார்கள்.

இப்போது பாரிமுனைக்குத் திரும்புங்கள். அந்த இருவரையும் கொண்டுவந்து ஒரே முனையில் நிறுத்தியிருக்கிறோம். எதிரே என்ன? துறைமுகம்! எது ஓட்டை, எது உறுதி என்று இருவரும் சாவகாசமாகக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே வாதாடலாம்.

நடுவிலே மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், பாரி. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி இல்லை. இவர் தாமஸ் பாரி, வேல்ஸ் தேசத்து வியாபாரி. 1788ல் சென்னைக்கு வந்து கடை விரித்து, 1824ல் பரங்கிப்பேட்டையில் காலரா கண்டு இறந்துபோனவர். அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயரில்தான் இன்றுவரை அந்த முனை. வெள்ளையன் வெளியேறினால் போதும் என்று ஒருவர் படை திரட்டினார். இப்போது வேண்டாம், பொறுமை என்றார் இன்னொருவர். இருவருக்கும் நடுவே அந்த வெள்ளைக்காரர் மட்டும் இடத்தைக் காலி செய்யவே இல்லை!

கதை இன்னும் முடியவில்லை. போஸ் ரோடில் கொஞ்ச தூரம் நடந்தால் வலது பக்கம் பிரகாசம் சாலை. அதாவது பழைய பிராட்வே. 1928ல் சைமன் கமிஷனுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில், இதே பாரிமுனை வட்டாரத்தில், போலீஸ் துப்பாக்கிக்கு முன்னால் சட்டையைத் திறந்து மார்பைக் காட்டியவர் டங்குட்டூரி பிரகாசம். 'ஆந்திர கேசரி' என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணமே அந்தச் சம்பவம்தான். அந்த அளவில் பொருத்தமான இடத்தில்தான் அவர் பெயர் இருக்கிறது. ஆனால், இவருக்கும் ராஜாஜிக்கும் ஆகாது! 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு மெஜாரிட்டி கிடைக்கவில்லை. எதிர்க்கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு, ஆட்சி அமைக்க நான் ரெடி என்று பிரகாசம் நிற்க, கவர்னர் கூப்பிட்டது ராஜாஜியை. ஆக, ராஜாஜியோடு மல்லுக்கு நின்ற இருவரும் அவர் சாலைக்குப் பக்கவாட்டில், கூப்பிடு தூரத்தில்.

யார் இப்படித் திட்டம் போட்டு வைத்தது? யாருமே இல்லை. விஷயமே அதுதான்.

ஒரு சாலைக்குப் பெயர் வைப்பதற்குத் தீர்மானம் உண்டு, அரசாணை உண்டு, திறப்பு விழா உண்டு, மாலை உண்டு. ஆனால் சாலை ஒன்றாகத்தான் யோசிக்கிறார்கள். இந்தச் சாலை எந்தச் சாலையோடு போய் முட்டும், அங்கே யார் ஏற்கெனவே நிற்கிறார் என்று பார்த்துப் பெயர் வைப்பது அபூர்வம். ஒரு ஆட்சி ஒருவரை வைக்கும். இருபது வருஷம் கழித்து இன்னொரு ஆட்சி பக்கத்துச் சாலைக்கு வேறொருவரை வைக்கும். மூலை மட்டும் யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் தானாக அமைந்துவிடுகிறது. அதனாலேயே சரித்திரம் அங்கே கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுகிறது.

அந்தக் காலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. பவழ வியாபாரிகள் இருந்தால் பவழக்காரத் தெரு. ஆர்மீனியர்கள் சர்ச் கட்டி வாழ்ந்தால் ஆர்மீனியன் தெரு. அதை நம் ஜனங்கள் வாய்க்கு வசதியாக 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிக்கொண்டது தனிக் கதை. அங்கே அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரனும் இல்லை! யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயர், அவ்வளவுதான். யாரைக் கௌரவிக்கலாம் என்று அரசாங்கம் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் மூலைகளில் கூத்து ஆரம்பமாகிறது.

இந்தக் கூத்துக்கு டெல்லி நல்ல உதாரணம். வெள்ளைக்காரர்கள் புது டெல்லியைக் கட்டியபோது நடுநாயகமாக இரண்டு சாலைகள் போட்டார்கள். வைஸ்ராய் மாளிகையிலிருந்து நேரே வருவது கிங்ஸ்வே. அதைக் குறுக்கே வெட்டிப் போவது க்வீன்ஸ்வே. ராஜாவும் ராணியும் நடுவில் சந்தித்துக்கொள்ள ஏற்பாடு. அபூர்வம் என்று சொன்னேனே, அப்படி யோசித்து வைத்த சந்திப்பு இது. சுதந்திரம் வந்தது. ராணியை எடுத்துவிட்டு ஜன்பத், மக்கள் பாதை, என்று மாற்றினார்கள். கிங்ஸ்வே என்ன ஆயிற்று? ராஜ்பத். இதற்கு அர்த்தம் என்ன? அதே ராஜபாட்டைதான்! ராணி போனார், ராஜா இந்தி கற்றுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். ராஜாவும் மக்களும் சந்திக்கும் மூலையாக அது ரொம்ப வருஷம் ஓடியது. 2022 செப்டம்பரில் ராஜ்பத் 'கர்தவ்ய பத்' ஆனது. கடமைப் பாதை. இப்போது அந்த மூலையில் மக்களைச் சந்திப்பது கடமை. யாருடைய கடமை என்று போர்டில் போடவில்லை.

டெல்லியில் தற்செயலாக நடந்ததைக் கல்கத்தாக்காரர்கள் குறும்பாகவே செய்தார்கள்.

1960களின் கடைசி. வியட்நாம் யுத்தம் உச்சத்தில். மேற்கு வங்கத்தில் கம்யூனிஸ்டுகள் அடங்கிய ஐக்கிய முன்னணி ஆட்சி. அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த தெருவுக்கு ஹாரிங்டன் ஸ்ட்ரீட் என்று பெயர். அதை ஹோ சி மின் சரணி என்று மாற்றினார்கள். அமெரிக்கா யாரை எதிர்த்துக் குண்டு போட்டுக்கொண்டிருந்ததோ, அவர் பெயரையே அமெரிக்கர்கள் தங்கள் லெட்டர்பேடில் விலாசமாக அடித்துக்கொள்ள வேண்டிய நிலை! யுத்தம் 1975ல் முடிந்தது. விலாசம் முடியவில்லை. 5/1, ஹோ சி மின் சரணி என்றுதான் விசாவுக்குப் போகிறவர்கள் டாக்சிக்காரரிடம் சொல்லவேண்டும்.

இதே வித்தையை ஈரானும் காட்டியது. டெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதரகம் இருந்த ஒரு தெருவுக்கு சர்ச்சில் பெயர். 1981ல், பிரிட்டிஷ் சிறையில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பக்க வாசலை விட்டுவிட்டு, ஃபிர்தௌசி அவென்யூ பக்கம் உள்ள வாசலை விலாசமாக்கிக்கொண்டார்கள். ஃபிர்தௌசி ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கவிஞர். அவரால் தொந்தரவு இல்லை பாருங்கள். மூலை வீடாக இருப்பதில் இப்படியும் ஒரு சௌகரியம்!

கல்கத்தாவில் இன்னும் சில ஜோடிகள் உண்டு. 'தர்மதலா' என்று பக்தியாக இருந்த தெரு லெனின் சரணி ஆனது. எஸ்பிளனேடில் அது போய்ச் சேரும் சௌரங்கிக்கு ஜவஹர்லால் நேரு ரோடு என்று பெயர். நேருவும் லெனினும் சந்திப்பதில் ஆச்சரியம் இல்லை, ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்க் ஸ்ட்ரீட் மூலைதான் அபாரம்.

ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டுக்கு மிர்ஸா காலிப் பெயரை வைத்தார்கள். உருதுக் கவிஞர் காலிப் தன் பென்ஷன் வழக்குக்காக 1828ல் கல்கத்தாவுக்கு வந்து ஒன்றரை வருஷம் போலத் தங்கினார். வழக்கு ஜெயிக்கவில்லை. ஊர் பிடித்துப்போயிற்று. மதுவும் கடனும் அவருடைய ஆயுட்காலத் தோழர்கள், அதை அவரே மறைத்ததில்லை. அவர் பெயர்கொண்ட தெரு போய்ச் சேருவது பார்க் ஸ்ட்ரீட்டில். பார்களுக்கும் ரெஸ்டாரன்டுகளுக்கும் பெயர்போன இடம். கவிஞருக்கு இதைவிட நல்ல மூலை கிடைக்குமா? ஆனால், 2004ல் பார்க் ஸ்ட்ரீட்டின் பெயரை மாற்றினார்கள். மதர் தெரசா சரணி! காலிப் ஒரு காலை எடுத்து வைத்தால் அன்னை தெரசா எதிரே நிற்கிறார். பாவம், எத்தனை தர்மசங்கடம். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், தள்ளாடுகிறவனை வெறுக்காமல் கைபிடித்துத் தூக்குகிறவர் ஒருவர் அந்த மூலையில் நிற்பது நல்லதுக்குத்தான்.

சரி, ஊருக்குத் திரும்புவோம். நம்மிடம் சரக்கு குறைவா என்ன?

சென்னைக் கடற்கரைச் சாலைக்குக் காமராஜர் பெயர். 1967ல் தி.மு.க. அலையில் விருதுநகரிலேயே தோற்கடிக்கப்பட்டவர் காமராஜர். அந்த அலையின் நாயகரான அண்ணா 1969ல் மறைந்தபோது துயில்கொண்டது இந்தச் சாலையோரத்தில். பிறகு எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி... எல்லோருக்கும் நினைவிடம் இங்கேதான். ஆனால் காமராஜருக்கு? அவர் கிண்டியில், காந்தி மண்டபம் பக்கத்தில். 2018ல் கருணாநிதி மறைந்தபோது மெரினாவில் இடம் இல்லை, கிண்டியில் தருகிறோம் என்றது அரசு. ராத்திரியோடு ராத்திரியாக வழக்கு நடந்து, காலையில் மெரினா என்று தீர்ப்பானது. அதாவது, காமராஜரின் சமாதிக்குப் பக்கமா, காமராஜரின் சாலையிலா என்பதுதான் வழக்கு! எந்தப் பக்கம் போனாலும் காமராஜரைத் தாண்டிப் போக முடியாது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதே சாலையில் ராதாகிருஷ்ணன் சாலை வந்து சேரும் மூலையில் 2006ல் சிவாஜி கணேசனுக்குச் சிலை வைத்தார்கள். காமராஜரைத் தலைவராக ஏற்று அவர் காலம் வரை காங்கிரஸில் இருந்தவர் சிவாஜி. தலைவர் சாலையில் தொண்டர். பொருத்தமான ஜோடிதான். ஆனால் போக்குவரத்தை மறைக்கிறது என்று கோர்ட்டுக்குப் போய், 2017ல் சிலையை அடையாறு மணிமண்டபத்துக்கு மாற்றினார்கள். சண்டைக்காரர்கள் முனையில் நிலைத்து நிற்கிறார்கள், ஒற்றுமையாக இருந்தவர்களைப் பிரித்துவிட்டார்கள்!

வேப்பேரியில் பெரியார் திடல் இருக்கிறது. அதன் விலாசம் என்ன தெரியுமா? ஈ.வி.கே. சம்பத் சாலை. சம்பத் வேறு யாரும் இல்லை, பெரியாரின் அண்ணன் மகன். 1949ல் பெரியாரை விட்டு அண்ணாவோடு வெளியேறி, தி.மு.க.வின் ஐம்பெரும் தலைவர்களில் ஒருவராக இருந்தவர். 1961ல் அண்ணாவையும் விட்டு விலகித் தனிக்கட்சி கண்டு, கடைசியில் காங்கிரஸில் போய்ச் சேர்ந்தவர். கோபித்துக்கொண்டு போன பிள்ளையின் பெயரை எழுதினால்தான் சித்தப்பாவுக்குத் தபால் போய்ச் சேரும்.

எல்லாமே சண்டை ஜோடிகள் என்று நினைக்கவேண்டாம். திருவல்லிக்கேணியில் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி சாப்பிட்டவர்களுக்கு அந்தச் சந்திப்பு தெரியும். பழைய பைகிராஃப்ட்ஸ் ரோடு, இப்போது பாரதி சாலை. அதை வெட்டிப்போகும் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக்கு காயிதே மில்லத் பெயர். முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப், அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, பழமையான மொழி ஒன்றுதான் ஆட்சிமொழி ஆகவேண்டும் என்றால் அந்தத் தகுதி தமிழுக்குத்தான் என்று வாதாடியவர். பாரதிக்குப் பக்கத்தில் நிற்க அவரைவிட யாருக்கு உரிமை?

லாயிட்ஸ் ரோடு கதை வேறு தினுசு. நாடகத்தில் அவ்வையார் வேஷம் போட்டுப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்தின் பெயரில் அது அவ்வை சண்முகம் சாலை ஆயிற்று. அவர் நாடகக் குழுவில் இருந்த பையன் கமல்ஹாசன். வளர்ந்து 1996ல் பெண் வேஷம் போட்டு எடுத்த படத்தில், பெயர் என்ன என்று கேட்கும்போது கதாநாயகன் தெருப் பலகையைப் பார்த்துத்தான் 'அவ்வை சண்முகி' என்று சமாளிப்பான். தெருப் பெயரை வைத்து ஒரு சிஷ்யர் குருவுக்குச் செய்த மரியாதை.

இப்போது தி.நகருக்கு வாருங்கள். சிரிப்பு கொஞ்சம் சிக்கலாகும் இடம் இது.

நகரின் பெயரே தியாகராய நகர். நீதிக்கட்சியை நிறுவிய சர் பிட்டி தியாகராய செட்டியின் பெயர். பாண்டி பஜார் இருக்கும் சாலை தியாகராய ரோடு. அதில் வந்து சேர்வது டாக்டர் நாயர் ரோடு. டாக்டர் டி.எம். நாயர் அதே கட்சியின் இன்னொரு தூண். ஆரம்பத்தில் இவர்கள் இருவருக்கும் ஆகாது. சென்னை மாநகராட்சிக்குள்ளேயே எதிரும் புதிருமாக இருந்தவர்கள். டாக்டர் நடேச முதலியார் என்ற பொறுமைசாலி இருவரையும் சமாதானப்படுத்தி உட்காரவைத்தார். 1916ல் கட்சி பிறந்தது. 1919ல் கட்சியின் வாதத்தை எடுத்துவைக்க லண்டன் போன நாயர் அங்கேயே இறந்துபோனார். இன்று தி.நகரில் இருவரும் சாலையாகச் சந்திக்கிறார்கள். சமாதானம் செய்துவைத்த நடேசனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பூங்கா. இந்த ஒரு மூலை அசல் சரித்திரத்தை அப்படியே சொல்கிறது.

1979ல் எம்.ஜி.ஆர். ஆட்சி ஒரு உத்தரவு போட்டது. தெருப் பெயர்களில் இருக்கும் ஜாதியை நீக்கவேண்டும். பெரியாரின் நூற்றாண்டை ஒட்டிய சமயம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், போர்டில் தார் பூசப் போகிறவர் நிலைமையை யோசியுங்கள். ஜி.என். செட்டி ரோடில் செட்டியை எடுத்தால் மிச்சம் ஜி.என். ரோடு. டாக்டர் நாயர் ரோடில் நாயரை எடுத்தால்? டாக்டர் ரோடு! எந்த டாக்டர், எம்.பி.பி.எஸ்.ஸா, ஹோமியோபதியா? பிராமணரல்லாதார் இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயரை, அந்த இயக்கத்தின் வழியில் வந்த ஆட்சி, அந்த இயக்கத்தின் கொள்கைக்காகவே அழிக்கவேண்டியிருந்தது. ஜனங்கள் வழக்கம்போல நாயர் ரோடு, செட்டி ரோடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றும் அப்படித்தான்.

இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். நாமும் சிரித்துவிட்டோம். ஆனால் ஜாதியை ஏன் எடுக்கவேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு மூலையில் நின்று பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் தெற்கே போகவேண்டும்.

1997. அப்போது தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள், வீரர்கள் பெயர். திருநெல்வேலிப் பக்கம் ஓடிய பஸ்களில் கட்டபொம்மன் பெயர் இருந்தது. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய புதுக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. சுந்தரலிங்கம் யார்? கட்டபொம்மனின் தளபதி. தலித் சமூகத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரனுக்கு எதிரே ராஜாவுக்காக உயிரைக் கொடுத்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கலவரம் மூண்டது. பஸ்கள் உடைந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது.

ராஜாவும் தளபதியும் ஒரே போர்க்களத்தில் நிற்க முடிந்தது. இருநூறு வருஷம் கழித்து ஒரே பஸ் ஸ்டாண்டில் அவர்கள் பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க நாம் விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். போஸும் ராஜாஜியும் உயிரோடு இருந்தபோது கடுமையாக மோதிக்கொண்டவர்கள். அவர்கள் பெயர்கள் ஒரு முனையில் நிற்பதால் யாருக்கும் கோபம் வருவதில்லை. சுந்தரலிங்கம் கட்டபொம்மனோடு மோதவே இல்லை. அங்கேதான் வெட்டுக்குத்து. ஆக, பிரச்னை அந்த இருவரிடம் இல்லை. கொள்கைச் சண்டை போட்டவர்களை ஒரே கம்பத்தில் ஆணி அடித்து வைத்துவிடலாம். இரண்டு தலைமுறையில் அது வேடிக்கையாகிவிடும். பிறப்பை வைத்துப் பிரித்த கோட்டுக்கு மட்டும் அந்தக் கணக்கு செல்லுபடியாகவில்லை.

சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் மேல் ஒரு பாலம். ஹாமில்டன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் ஹாமில்டன் பிரிட்ஜ். ஜனங்கள் வாயில் அது தேய்ந்து திரிந்து 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று. அதைக் கேட்ட இங்கிலீஷ்காரர்கள் மறுபடி மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதிவைத்தார்கள். சென்னையின் பழைய ஜோக்குகளில் இது ஒன்று. சம்பந்தமே இல்லாமல் ஒரு ஜாதியின் பெயர், அதுவும் இளக்காரமாகச் சொல்லும் பெயர், அந்தப் பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு பாலத்துக்கு வைத்த பெயர் அம்பேத்கர். உச்சரிப்பும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, அர்த்தம் தலைகீழாகிவிட்டது. பெயர் மாற்றத்தில் இதைவிட நேர்த்தியான ஒன்றை நான் பார்த்ததில்லை.

பாலத்தின் மேல் நடந்துபோகிறவனுக்கு அது ஜோக். அந்தப் பெயரையே தன் தெருவின் பெயராக, ரேஷன் கார்டில், பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில், வேலை விண்ணப்பத்தில் எழுதவேண்டியவனுக்கு? 'பெயர்' என்ற கட்டத்தில் ஜாதி இல்லை. 'விலாசம்' என்ற கட்டத்தில் வந்துவிடுகிறது. இன்டர்வியூ எடுப்பவர் மேலே நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டசபையில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். அந்த அக்டோபரில், தெருக்கள், சாலைகள், குடியிருப்புகளிலிருந்து ஜாதிப் பெயர்களை எடுக்க அரசாணை வந்தது. அதே அக்டோபரில் கோவையில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர்! உடனே கேலி கிளம்பியது. 1979 டாக்டர் ரோடு ஜோக்கின் புதுப் பதிப்பு. விஞ்ஞானி நாயுடுவை வெறும் ஜி.டி. என்றால் யாருக்குத் தெரியும் என்ற நியாயமும் அதில் இருந்தது.

அந்தக் கேலியில் ஒரு விஷயம் அமுங்கிப்போகக்கூடாது. நாயுடு என்றோ செட்டி என்றோ நாயர் என்றோ போர்டில் இருப்பதால் அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு வேலை கிடைக்காமல் போவதில்லை. வேறு சில பெயர்கள் இருந்தால் போகும். இரண்டையும் ஒரே தார் டப்பாவால் பூசினால் ஒன்று வேடிக்கையாகிறது. மற்றொன்று விடுதலையாகிறது.

பெயரை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் மெயின் ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில் நின்று வழி கேட்டுப் பாருங்கள். 'ஊருக்கா, காலனிக்கா?' என்று எதிர்க்கேள்வி வரும். ஒரு பாதை இந்தப் பக்கம், ஒரு பாதை அந்தப் பக்கம். அதுவும் ஒரு சந்திப்புதான். அங்கே இரண்டு பெயர்கள் சேர்வதில்லை, பிரிகின்றன. காலனியில் இறந்தவரை ஊர்த் தெரு வழியாக எடுத்துப்போக விடமாட்டோம் என்று தகராறு நடப்பதும் அந்த இடத்தில்தான். அந்தப் பாதைக்கு நாளைக்கே திருவள்ளுவர் தெரு என்று போர்டு வைத்துவிடலாம். வழி சொல்கிறவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் இருக்கிறது மிச்சக் கதை.

பாரிமுனையில் மூன்று பேரையும் சேர்த்து நிறுத்த நமக்கு ஒரு அரசாணைகூடத் தேவைப்படவில்லை.